ஹார்வர்டா, பிரவுனா, ஆக்ஸ்ஃபோர்டா: நன்றாகப் படிக்கும் பிள்ளை முதல் விண்ணப்பத்தை எங்கே போடுவது?

கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 1560. பள்ளியில் நான்கு வருடமும் ஏ கிரேடு. பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்களான ஏ.பி. தேர்வுகளில் ஐந்துக்கு ஐந்து. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு எல்லாம் கிடைச்சிடும்ல?" அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. ஆனால் பதில் சொல்லியே தீரவேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. அதற்குக் கெடுவும் உண்டு, பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பர் 1. முன்கூட்டியே போடும் அந்த ஒரு விண்ணப்பம் எந்தக் கல்லூரிக்கு?

வழிகள் நான்கு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றில் ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டிப் போடலாம். கிடைத்தாலும் சேர்ந்தே ஆகவேண்டும் என்று இல்லை. இதை ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன் என்பார்கள். அடுத்தது பிரவுன், கொலம்பியா, பென் (பென்சில்வேனியா பல்கலைக்கழகம்), டார்ட்மத், கார்னெல், டியூக் போன்றவை கேட்கும் எர்லி டிசிஷன். கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெறவேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். மூன்றாவது, முன்கூட்டி எதிலும் சிக்காமல் ஜனவரியில் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு வரிசையாகப் போடுவது. நான்காவது, கட்டுரை, கிளப், பரிந்துரை என்ற இந்த விளையாட்டு பெரிதாக எடுபடாத இடங்களுக்குப் போவது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அந்த வகை. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் பாதி அந்த வகை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மிக நன்றாகப் படிக்கும்" பிள்ளைக்கு முதல் வழியைவிட இரண்டாவது வழி நல்லது. மிக அரிதான ஒரு சாதனை கையில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் முதல் வழி. மூன்றாவதைத் தனி வழியாக எடுப்பது பணக்கணக்கு இடித்தால் ஒழிய வீண்.

மார்க் எங்கே நின்றுவிடுகிறது

2024 இலையுதிர்காலத்தில் ஹார்வர்டில் சேர 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. 3.6 சதவீதம். யேலில் 3.7. "அந்த 54,000 பேரில் பாதிப் பேர் சும்மா போட்டுப் பார்ப்பவர்கள், என் பிள்ளைக்கு 3.6 பொருந்தாது" என்று ஒரு வாதம் வரும். அது பாதி உண்மை. மீதிப் பாதியை, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை எதிர்த்து ஹார்வர்டு மீது நடந்த வழக்கு வெளியே கொண்டுவந்தது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த அந்த வழக்கின் ஆவணங்கள் இல்லாமல் இந்த விஷயத்தில் நமக்குப் பாதிகூடத் தெரிந்திருக்காது.

அதில் ஒரு வருடத்துக் கணக்கு இப்படி. கொடுக்க இருந்த இடங்கள் 2,000-க்கும் கீழே. உள்நாட்டு விண்ணப்பதாரர்களில் பள்ளி மதிப்பெண் சராசரி முழுமையாக இருந்தவர்கள் மட்டும் சுமார் 8,000 பேர். எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் 3,400-க்கு மேல், ஆங்கிலத்தில் 2,700-க்கு மேல். 800-க்கு 800 எடுத்த எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்று ஹார்வர்டு நினைத்தாலும் நாற்காலி போதாது.

நாடு முழுவதும் பார்த்தாலும் கதை இதுதான். வருடத்துக்கு 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் எஸ்.ஏ.டி. எழுதுகிறார்கள். 1500-ஐத் தாண்டுபவர்கள் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ. கேட்க அபூர்வமாக இருக்கிறது, ஆனால் அதுவே இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் பேர் வரை ஆகிவிடும். அதற்கு மாற்றான ஏ.சி.டி. தேர்வை எழுதுபவர்கள் தனி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், பிரவுன் முதலியவை அடங்கிய ஐவி லீக்கின் எட்டுக் கல்லூரிகளும் சேர்ந்து முதலாமாண்டுக்கு எடுப்பது ஏறத்தாழ 15,000 பேர்.

ஒரு விண்ணப்பக் கோப்பினை எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் அந்த வழக்கு காட்டியது. விண்ணப்பங்களை ஊர்வாரியாகப் பிரித்து அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான அலுவலரிடம் கொடுப்பார்கள். பள்ளியைப் பற்றியும் போன வருடம் அங்கிருந்து யார் வந்தார் என்பது பற்றியும் அவருக்குத் தெரியும். அவர் படிப்பு, படிப்புக்கு வெளியே, விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியாக 1 முதல் 6 வரை எண் போடுவார். 1 தான் உச்சம். இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ வரும். அதன் பிறகு பகுதிக் குழு. அதன் பிறகு நாற்பது பேர் உட்கார்ந்த முழுக் குழு, ஒவ்வொரு பெயருக்கும் கைதூக்கி வாக்கெடுப்பு. கடைசியில் இடத்தைவிடப் பெயர் கூடிவிட்டால் சிலரை வெட்டுவார்கள். ஏற்கெனவே வாக்கு வாங்கி உள்ளே போன பிள்ளை அந்தக் கடைசிச் சுற்றில் வெளியே வருவதும் உண்டு. அந்த வெட்டுக்கும் அவன் மார்க்குக்கும் சம்பந்தமே இருக்காது.

நம் 1560 பிள்ளைக்குப் படிப்பில் கிடைக்கப்போவது 2. விண்ணப்பித்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு அதே 2 தான். அவர்களில் உள்ளே போனது சுமார் பத்தில் ஒருவர். படிப்பில் 1 வாங்குபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, ஆனால் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் உள்ளே போனார்கள். சர்வதேச ஒலிம்பியாட் பதக்கம், ஆய்விதழில் நிற்கக்கூடிய சொந்த வேலை, இந்த ரகம்தான் 1. ஏ.பி. எண்ணிக்கையைப் பத்திலிருந்து பதினான்காக்கினால் 2 ஒருபோதும் 1 ஆகாது. நான் பார்த்தவரை பெற்றோர்கள் அதிகம் பணம் இறைப்பதும் பிள்ளைகள் அதிகம் தூக்கம் கெடுவதும் இந்தப் பத்துக்கும் பதினான்குக்கும் நடுவில்தான்.

போதாததற்கு வேறு வாசல்கள். பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம். அப்பா அம்மா அங்கே படித்திருந்தால், அதாவது லெகசியாக இருந்தால், மூன்றில் ஒருவருக்கு. சேர்ந்த வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதம் பேர் வீரர், லெகசி, ஆசிரியர் பிள்ளை, நன்கொடையாளர் பிள்ளைகள் போன்றோருக்கான டீன் பட்டியலில் உள்ளவர் என்று ஏதோ ஒரு வகையில் வந்தவர்கள். எந்த வாசலும் இல்லாத பிள்ளைக்கு மிஞ்சும் இடங்கள் மேலே சொன்ன 1,937-ஐவிட நன்றாகவே குறைவு. பொருளாதார ஆய்வாளர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் மூவரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னது. ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் இருந்தாலும், உச்சத்து ஒரு சதவீதப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை ஐவி வகைக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

முன்கூட்டிப் போடுவதில் இரண்டு ரகம்

ஹார்வர்டில் 2024-ல் சேர முன்கூட்டிப் போட்டவர்கள் 7,921 பேர், கிடைத்தது 692 பேருக்கு. 8.7 சதவீதம். யேலில் 709 பேருக்கு, ஏறத்தாழ 9 சதவீதம். மொத்த விகிதத்தைவிட இரண்டரை மடங்கு இருக்கிறதே என்று மயங்கத் தேவையில்லை. விளையாட்டு வீரர்களும் லெகசிகளும் நவம்பரிலேயே போட்டுவிடுவார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மற்றவர்களுக்கு முன்கூட்டிப் போடுவதால் வரும் கூடுதல் லாபம் மெலிந்துவிடும். எம்.ஐ.டி.யைப் பார்த்தால் இது புரியும். அங்கே லெகசி கிடையாது, முன்கூட்டிப் போட்டால் வேறெங்கும் போடக்கூடாது என்ற கட்டுப்பாடும் கிடையாது. முன்கூட்டி 12,563 பேரில் 661, அதாவது 5.3 சதவீதம். மொத்தத்தில் 4.5. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி பிரவுன். எர்லி டிசிஷனில் 6,244 பேரில் 898. 14.4 சதவீதம். ஜனவரியில் போட்டவர்களுக்கு 3.8. இங்கும் வீரர்கள் உண்டு, லெகசி உண்டு. ஆனாலும் 14-க்கும் 4-க்கும் இடையிலான பள்ளத்தை அவர்கள் மட்டும் நிரப்ப முடியாது. காரணம் கல்லூரியின் பக்கம் இருக்கிறது. எர்லி டிசிஷனில் சேர்த்த பிள்ளை நிச்சயம் வருவான். ஜனவரிப் பிள்ளைக்கு இடம் கொடுத்தால் அவன் ஹார்வர்டுக்குப் போய்விடலாம். வகுப்பு எத்தனை பேர், விடுதிக்கு எத்தனை கட்டில் என்று டிசம்பரிலேயே தெரிந்துகொள்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைத்தான் கொஞ்சம் இளகிய கையோடு சேர்க்கையில் கொடுக்கிறார்கள். பென் போன்ற இடங்கள் வகுப்பில் பாதியை இப்படியே நிரப்பிவிடுகின்றன. கிறிஸ்டோபர் ஏவரி, ரிச்சர்ட் ஜெக்ஹவுசர் உள்ளிட்டோர் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கோப்புகளை அலசி, முன்கூட்டிப் போடுவது எஸ்.ஏ.டி.யில் சுமார் 100 மதிப்பெண் கூடுவதற்குச் சமம் என்று கண்டார்கள். இது பணக்காரருக்குச் சாதகம் என்று சொல்லி 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையையே நிறுத்தின. மற்ற பெரும்பாலான கல்லூரிகள் பின்தொடரவில்லை. 2011-ல் இரண்டும் திரும்ப ஆரம்பித்தன.

ஆகவே படிப்பில் 2 வாங்கும் பிள்ளையின் கணக்கு என் பார்வையில் நேரானது. ஹார்வர்டில் போட்டால் பத்துக்கு ஒன்று என்பதே தாராளமான மதிப்பீடு. அதே கோப்பு, பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு எர்லி டிசிஷன் கல்லூரியில், அதைவிட நல்ல வாய்ப்பில் நிற்கும். "பிடித்த" என்பதைச் சும்மா சேர்க்கவில்லை. பிரவுனில் பொதுப்பாடக் கட்டாயமே இல்லை, கொலம்பியாவில் இரண்டு வருடம் கட்டாயப் பாடத்திட்டம் உண்டு. இரண்டுமே ஐவி என்பதற்காக எது வேண்டுமானாலும் சரி என்று கையெழுத்துப் போடுபவர்கள் நான்கு வருடம் அதை அனுபவிக்க வேண்டும்.

பன்னிரண்டு இடத்துக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்காதா

ஜனவரியில் வரிசையாகப் போடுபவர்களின் கணக்கு இது. ஓர் இடத்தில் 5 சதவீதம் என்றால் பன்னிரண்டு இடத்தில் ஒன்றாவது கிடைக்க 46 சதவீதம். காகிதத்தில் சரியாகத்தான் வரும், ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகப் பகடை உருட்டினால். உருட்டுவதில்லை. பன்னிரண்டு இடத்துக்கும் போவது காமன் ஆப் என்ற பொது விண்ணப்பப் படிவத்தின் ஒரே கட்டுரை, அதே இயற்பியல் ஆசிரியரின் அதே கடிதம். "கடின உழைப்பாளி, வீட்டுப்பாடம் தவறாமல் செய்வார்" என்று அந்தக் கடிதம் சப்பென்று இருந்தால் பன்னிரண்டு மேசையிலும் சப்பென்றுதான் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஐந்து ஐவி, அதே மார்க் வாங்கிய பக்கத்து வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று வருடாவருடம் கேள்விப்படுவது இதனால்தான். வாய்ப்புகள் பிள்ளைகளுக்குள் சமமாகப் பரவுவதில்லை, ஓரிடத்தில் குவிகின்றன.

ஆனால் இதன் இன்னொரு பக்கம் ஆறுதலானது. விகிதங்கள் இவ்வளவு விழுந்ததற்கு ஒரு காரணம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் ஆனது இல்லை, ஒவ்வொரு பிள்ளையும் போடும் விண்ணப்பங்களின் எண்ணிக்கை கூடியது. காமன் ஆப்பில் இருபது கல்லூரி வரை சேர்க்கலாம். எல்லோரும் இரண்டு மடங்கு இடங்களுக்குப் போட்டால் எல்லா இடத்திலும் விகிதம் பாதியாகும், சேர்ந்த பிள்ளைகள் மட்டும் அதே பிள்ளைகள். ஆகவே 3.6 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து இன்னும் எட்டு விண்ணப்பம் கூட்டுவது அந்த எண்ணை இன்னும் கீழே தள்ளுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. கூட்டுவதென்றால் பட்டியலின் அடியில் கூட்டுங்கள். பிள்ளை சந்தோஷமாகப் போகக்கூடிய, வாய்ப்பு பாதிக்கு மேல் உள்ள இரண்டு மூன்று இடங்கள்.

அடியில் சேர்க்கும்போது ஒரு பொறி உண்டு. கல்லூரியின் மொத்த விகிதத்தைப் பார்த்து நம்பக்கூடாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு இடம் கிடைக்கிறது. கணினி அறிவியலை முதல் விருப்பமாகப் போட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காது. எப்படியும் கிடைத்துவிடும் "சேஃப்டி" என்று நினைத்துப் போட்ட இடம் ஐவியாக மாறி நிற்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

கட்டுரையில் உருகத் தெரியாத, கிளப் தலைவர் பதவிக்கு ஓடாத, ஆனால் ஒரு பாடத்தில் மூழ்கிப்போன பிள்ளைக்கு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நியாயமான இடங்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு 23,000-க்கு மேல் போடுகிறார்கள், சேர்வது 3,200-க்கு அருகில். ஆனால் பாடத்துக்குப் பாடம் விகிதம் தலைகீழாக மாறும். கணினி அறிவியலிலும், பொருளாதாரமும் மேலாண்மையும் சேர்ந்த படிப்பிலும் பத்தில் ஒருவருக்கும் கீழே. கிரேக்க, லத்தீன் படிப்பான கிளாசிக்ஸில் நான்கில் ஒருவருக்கும் மேல். வெளிநாட்டிலிருந்து போடுபவர்களுக்கு வாய்ப்பு இன்னும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே பிள்ளையை எடைபோடுவது பாடத்துக்கான நுழைவுத் தேர்வும் நேர்காணலும். கணிதத்துக்குப் போன பிள்ளையிடம் ஒரு சார்பைக் கொடுத்து வரைபடம் வரையச் சொல்வார்கள். வரைந்ததும் "இந்த எண் எதிர்மறையானால்?" என்பார்கள். தடுமாறினால் ஒரு குறிப்பு கொடுத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறானா என்று பார்ப்பார்கள். கேட்பவர் பிற்பாடு பாடம் நடத்தப்போகும் ஆசிரியரே. தாத்தா எங்கே படித்தார் என்பதும் ஃபுட்பால் குழுவும் அந்த அறைக்குள் வராது.

கெடு அக்டோபர் 15, இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே போடலாம். நல்ல செய்தி, ஹார்வர்டு வகைக் கட்டுப்பாடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களையும் தடுப்பதில்லை. முதல் வழியையும் நான்காவது வழியையும் ஒரே பிள்ளை ஒரே வருடத்தில் எடுக்கலாம். யு.சி.எல்.ஏ., பெர்க்லி போன்ற கலிஃபோர்னியா வளாகங்களும் அப்படியே. அவை எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை. 1560 எடுத்ததன் பலன் அங்கே பூஜ்யம், பள்ளி மதிப்பெண்தான் பேசும். யு.சி.எல்.ஏ.வுக்கு 2024-ல் வந்த விண்ணப்பங்கள் 1,46,000-ஐத் தொட்டன, விகிதம் 9 சதவீதம்.

பணம் முடிவை மாற்றும் இடம்

எர்லி டிசிஷன் மேல் எனக்குள்ள பெரிய குறை பணம்தான். ஐவிகள் மார்க்குக்காக உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்தே தருகின்றன. வருடத்துக்குத் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 90,000 டாலரைத் தாண்டும் இடங்களில், எவ்வளவு குறைப்பார்கள் என்பது டிசம்பரில் கையெழுத்துக்குப் பிறகுதான் உறுதியாகத் தெரியும். உதவி போதவில்லை என்று காட்டி விலகலாம், ஆனால் மற்ற இடங்களின் தொகையை வைத்து ஒப்பிட முடியாது. கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் வருமானத்தைப் போட்டு, வரும் தொகையைக் கட்ட முடியுமா என்று அக்டோபரில் உட்கார்ந்து பேசாமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. கால்குலேட்டர் காட்டுவது எட்டாத தொகை என்றால் மூன்றாவது வழிதான். அதுவும் மார்க்குக்குப் பணம் தரும் கல்லூரிகளை அதிகமாகச் சேர்த்து.

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் உதவியும் கேட்கும் பிள்ளைக்குக் கணக்கு வேறு. பெரும்பாலான இடங்களில் உதவி கேட்பதே சேர்க்கையைப் பாதிக்கும், ஸ்டான்ஃபோர்டிலும் அப்படித்தான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன், 2025-லிருந்து சேருபவர்களுக்குப் பிரவுன் ஆகியவை வெளிநாட்டுப் பிள்ளையின் பண நிலையைப் பார்க்காமல் முடிவெடுக்கும் ஒரு சில இடங்கள். அவற்றில் டார்ட்மத், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், போடன் நான்கும் எர்லி டிசிஷன் வைத்திருக்கின்றன. இந்தப் பிள்ளைக்கு என் பட்டியலின் உச்சியில் இருப்பவை அந்த நான்கும்.

இவ்வளவு மெனக்கெடலுக்கும் பலன் உண்டா? ஆய்வாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002-ல் காட்டியது, ஒரே தரத்தில் உள்ள, ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் எங்கே படித்தாலும் பின்னாளில் சம்பாதிப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்பது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு. செட்டி குழு வெயிட்லிஸ்டில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், இருந்தவர்களை வைத்துப் பார்த்தது. சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் நாட்டின் உச்ச ஒரு சதவீத வருமானத்தைத் தொடும் வாய்ப்பு ஐவி வகைக் கல்லூரியால் சுமார் பாதி கூடுகிறது, பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைப்பது மூன்று மடங்காகிறது. நல்ல மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆக நினைக்கும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகமே போதும். வால் ஸ்ட்ரீட், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு உதவும் கிளார்க் பதவி போன்றவற்றைக் குறிவைப்பவருக்குத்தான் இந்த வாசல் வித்தியாசம் செய்யும். இதையும் கல்லூரி தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் கேட்டுவிடுவது நல்லது.

டிசம்பர் நடுவில்

முதல் வழியை எடுத்தவர்களுக்கு ஒரு கடைசிக் கணக்கு பாக்கி இருக்கும். ஹார்வர்டு முன்கூட்டிப் போட்டவர்களில் பெரும்பாலோரை நிராகரிப்பதில்லை, மார்ச்சுக்குத் தள்ளிவைக்கிறது. யேல் நேர்மாறு, பெரும்பாலோருக்கு அப்போதே "இல்லை" என்று சொல்லிவிடும். பிள்ளை மனசுக்கு யேல் கொடூரம், பட்டியலுக்கு யேல்தான் உதவி. ஏனென்றால் சிகாகோ, வாண்டர்பில்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, டஃப்ட்ஸ் முதலியவற்றில் ஜனவரித் தொடக்கத்தில் இரண்டாவது எர்லி டிசிஷன் சுற்று ஒன்று உண்டு, முடிவு பிப்ரவரியில். கட்டாயம் அதே கட்டாயம்தான். யேலில் இல்லை என்று ஆனவன் தயங்காமல் அங்கே போவான். ஹார்வர்டில் தள்ளிவைக்கப்பட்டவனுக்கோ, இந்தச் சுற்றில் கிடைத்தால் மார்ச் வரை நிற்கும் ஹார்வர்டு விண்ணப்பத்தையும் திரும்பப் பெறவேண்டும் என்பது உறுத்தும். நவம்பருக்குப் பிறகு ஹார்வர்டுக்கு எழுதி அனுப்பப் பெரிதாகப் புதிதாக ஒன்றும் இல்லை என்றால், அவனும் இரண்டாம் சுற்றில் போட்டுவிடலாம்.